முட்டி பார்க்கும் படலம்

மழைக்கு முன்னால் வலிக்கிற முழங்கால்கள் எத்தனையோ உண்டு. சின்னக்கரண்டியின் வலது முழங்கால் மழைக்கு முன்னாலும் வலித்தது, மழை பெய்யும்போதும் வலித்தது, மழை விட்டு வெயிலடித்துத் துணியெல்லாம் காய்ந்த பிறகும் வலித்தது. வலிக்காத நேரம் எது என்று கேட்டால் அவளே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். யோசிக்க ஏது நேரம்? டைல்ஸ் வேலை செய்கிறவர்களுக்குத் தரைதான் மேசை, தரைதான் நாற்காலி. காலையில் மண்டி போட்டால் தேநீர் வரும்போதுதான் எழுந்திருப்பது.

அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. டைல்ஸுக்கு நடுவே இருக்கிற சந்தை அடைப்பதற்கு அவள் வைத்திருந்த கரண்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைப் பார்த்துக் கொத்தனார் ஒருவர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் புருஷனுக்கு மட்டக்காரர் என்று பெயர். நீர்க்குமிழி வைத்து மட்டம் பார்க்கிற ரசமட்டம் இல்லாமல் அவர் வீட்டை விட்டு இறங்கமாட்டார். வீட்டுக்குள்ளும் அதே கதைதான். புதுக் கட்டில் வாங்கினால் அதில் முதலில் படுப்பது ரசமட்டம், அப்புறம்தான் மனிதர்கள். மகள் பிறந்தபோது தொட்டிலின் ஒரு காலுக்கு அடியில் அட்டையைச் சொருகி, நீர்க்குமிழி நடுவுக்கு வந்த பிறகே குழந்தையைப் படுக்க வைத்த மகராசன் அவர்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் வேலை செய்தாலும் ஒரே அறையில் வேலை செய்ததில்லை. அவர் ஓர் அறைக்கு டைல்ஸ் போட்டு, உள்ளே இருந்து பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசல் வழியாக வெளியேறுவார். பசை இறுகும்வரை யாரும் அதில் கால் வைக்கக்கூடாது. மறுநாள் அவர் அடுத்த அறைக்குப் போவார், அவள் முந்தைய அறைக்குள் நுழைந்து சந்துகளில் சிமென்ட் மாவு அடைத்து, வழித்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே வருவாள். அங்கே ரப்பர் சுத்தியல் சத்தம், இங்கே அவள் பேச்சு. மகள் சொன்னது, எதிர்வீட்டில் நடந்தது, கனவில் வந்தது எல்லாவற்றையும் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருப்பாள், அங்கிருந்து ம், ம் என்று வரும். யோசித்துப் பார்த்தால் அவர்களுடைய குடும்பப் பேச்சில் பெரும்பங்கு ஒரு சுவரைத் தாண்டித்தான் நடந்திருக்கிறது.

மாடியில் பெரிய கூடம் ஒன்றை முடித்த அன்றைக்குத்தான் விஷயம் முற்றியது. கடைசி மூலையைத் துடைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் மாட்டேன் என்றது. சுவரைப் பிடித்துப் பார்த்தாள், வாளியை ஊன்றிப் பார்த்தாள், கடைசியில் தவழ்ந்து போய்ச் சுவரோரப் பட்டையைச் சோதிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த அறையிலிருந்து, என்ன பேச்சையே காணோம் என்று கேட்டுக்கொண்டு மட்டக்காரர் எட்டிப் பார்த்தார். பெயின்ட் அடிக்கிற இரண்டு பேர் சாரப் பலகையைக் கொண்டுவந்து அவளை அதில் உட்கார வைத்து மாடிப்படியில் இறக்கினார்கள். பாதிப் படியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் குலுங்கக் குலுங்கப் பலகையும் குலுங்கி, தூக்கியவர்களும் சிரித்து, மூன்று பேரும் உருளாமல் கீழே வந்தது பெரிய காரியம்.

மாத்திரை, ஊசி, உறை, பயிற்சி எல்லாம் இரண்டு வருடமாகப் பார்த்தாகிவிட்டது. தெருமுனை டாக்டர் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, அதைப் பார்த்துவிட்டு, எலும்பும் எலும்பும் நேராக உரசுகிறது, இனி அறுவை சிகிச்சை டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். மகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எதையும் கிளப்பினால் நிறுத்தத் தெரியாதவள். அன்றைக்கே போகலாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மட்டக்காரர்தான் இழுத்தார்.

"பாக்கலாம். ஆனா அவசரப்படக் கூடாது. நல்ல ஆளாப் பாக்கணும்."

அவர் நல்ல ஆள் பார்த்த லட்சணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் போனது பெரிய மருத்துவமனை. கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, உட்கார்ந்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும் சோபா. எண் எழுதிய சீட்டைக் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். மட்டக்காரர் காத்திருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு தரையில் குந்தினார். ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். காத்திருந்தவர்கள் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்துக் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் கூடவே குனிந்து தேடவும் ஆரம்பித்துவிட்டார்.

சீட்டு கொடுத்த பெண் எழுந்து வந்தாள்.

"ஏதாவது தொலைச்சுட்டீங்களா சார்?"

"நான் ஒண்ணும் தொலைக்கலம்மா. உங்க தரைக்கு அடியிலதான் ஒண்ணுமே இல்ல. பாதிக்குப் பாதி பொள்ளல்."

திரும்பி வந்து, எழுந்திரு போகலாம் என்றார். சின்னக்கரண்டியின் எண்ணைக் கூப்பிட இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி. கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே பசையை ஏமாற்றியிருக்கிறார்கள், தோலுக்கு அடியில் என்ன செய்வார்கள் என்று யார் கண்டது என்பது அவருடைய வாதம். அதில் ஏதோ நியாயம் இருப்பதாக அவளுக்கும் பட்டதுதான் வேடிக்கை. காலமெல்லாம் தரையோடு கிடந்தவளுக்கு வேறு எப்படிப் படும்? அது நியாயமாகப் படாதவள் மகள் ஒருத்திதான்.

"டாக்டராப்பா வந்து டைல்ஸ் போட்டாரு?"

"போட்டது யாரா இருந்தா என்ன, தினமும் மிதிக்கிறவருக்குக் காது கேக்க வேணாமா?"

மகள் வேனைக் கிளப்பிய வேகத்தில் இரண்டு பேரும் பின்னால் சாய்ந்தார்கள்.

அடுத்தது தனியார் கிளினிக். சின்ன இடம். வாசலைத் தாண்டியதுமே மட்டக்காரர் நின்றுவிட்டார். அந்தத் தரையில் சந்து இருப்பதே தெரியவில்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நூல் பிடித்தாற்போல ஓடியது. நாணயத்தை எடுத்து ஒரே ஒரு முறை தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. இந்த மனிதரை நம்பிக் காலை என்ன, தலையைக்கூடக் கொடுக்கலாம் என்றார்.

உள்ளே இருந்த டாக்டர் நரைத்த தலையும் கணீர்க் குரலுமாக ஆள் பார்க்க எடுப்பாக இருந்தார். சின்னக்கரண்டி துணியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மட்டக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தரை யார் போட்டது என்று கேட்டுத் தொலைத்தார். டாக்டருக்கு வந்ததே உற்சாகம். எல்லாம் அவரே முன்னால் நின்று போட்டதாம். பிடிக்காமல் ஒரு தடவை பெயர்த்துவிட்டு மறுபடி போட்டதாம். குளியலறையில் தண்ணீர் வடிகிற வாட்டத்தைப் பார்க்க வேண்டுமா? பார்க்காமலா. இரண்டு பேரும் எழுந்து உள்ளே போனார்கள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அடடா என்று புருஷன் சொல்வது கேட்டது. இன்னொரு குவளை ஊற்றப்பட்டது. முழங்காலைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த எலும்புக்கூடும் அவளைப் பார்த்துப் பரிதாபப்படுவதுபோல இருந்தது.

திரும்பி வந்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார், ஒரு பார்வை பார்த்தார், பண்ணிவிடலாம், அடுத்த வாரமே வந்துவிடுங்கள் என்றார்.

"எந்தக் காலு டாக்டர்?" என்று சின்னக்கரண்டி கேட்டாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். கழற்றித் திருப்பி மாட்டினார். வலது என்றார்.

அவள் துணியை இறக்கிவிட்டுக் கொண்டு, மேசையைப் பிடித்துத் தானே எழுந்தாள். யோசித்துச் சொல்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வேனில் வரும் வழியெல்லாம் மட்டக்காரர் அந்தக் குளியலறை வாட்டத்தைப் பற்றியே பேசினார். மூலைக்கு மூலை தண்ணீர் தானாக ஓடுகிறது, ஒரு சொட்டு தேங்கவில்லை, நீ அந்தத் தரையைப் பார்த்தாயா இல்லையா என்று கேட்டார்.

"தரையை எல்லாரும் பாத்தாச்சு. என் முட்டியத்தான் யாரும் பாக்கல."



அன்று சாயங்காலம் அவள் எதிர்வீட்டுத் தையல்காரியின் கடையில் போய் உட்கார்ந்தாள். தையல்காரி இரண்டு முழங்காலுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். அவளுக்குச் செய்த டாக்டர் ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊருக்குக் குடிபோய்விட்டார். அதனால் அந்த வழி அடைபட்டிருந்தது. சின்னக்கரண்டி தன் மனதில் இருந்ததைக் கொட்டினாள். புதுத் தரை யார் போட்டாலும் அழகுதான். அன்றைக்குத் துடைத்துவிட்டுப் போனதைப் பார்த்து ஏமாறாத வீட்டுக்காரர் உண்டா? ஐந்து வருடம் மிதிபட்ட தரையைப் பார்த்தால்தான் போட்டவனின் கை தெரியும். அவள் பார்க்க வேண்டியது ஐந்து வருடம் நடந்த முட்டியை.

"அதுக்கு ஏன்க்கா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறீங்க? இந்தக் கடைக்கு வராத காலு எது?" என்றாள் தையல்காரி.

உண்மைதான். யாருக்குக் கால் வளைகிறது, யாருக்கு நிமிர்கிறது என்பது டாக்டருக்குத் தெரியும் முன்னால் தையல்காரிக்குத் தெரிந்துவிடும். ஒரு கால் வளைந்தவர்களுக்கு விளிம்பு ஒரு பக்கம் தூக்கும், அந்தப் பக்கம் மட்டும் இறக்கித் தைக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து வந்தால் இரண்டு பக்கத்தையும் சமமாக்கச் சொல்லிப் பழைய துணியெல்லாம் மூட்டையாக வரும். அப்படிச் சமமாக்கிக்கொண்டவர்களை அந்த ஞாயிற்றுக்கிழமை தேநீருக்குக் கூப்பிட்டாள்.

வெளியே மழை. கடைக்குள் இஸ்திரிப்பெட்டிச் சூடும் ஈரக் குடையின் வாசனையும். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் வந்தார், பேக்கரிக்கார அம்மாள் ஒரு தட்டு நிறைய பன்களோடு வந்தாள், நூலகத்தில் வேலை செய்கிற பெண்மணி வந்தாள். தேநீர் இறங்கியதும் முட்டிகள் வெளியே வந்தன. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அப்படி ஓர் ஆர்வம் இருந்திருக்காது. தழும்பு நீளத்தைக் கண்டக்டர் தையல்காரியின் அளவு நாடாவால் அளந்து, தன்னுடையதுதான் எல்லாவற்றிலும் நீளம் என்று பெருமைப்பட்டார். தன் டாக்டரைப்போல உலகத்தில் ஆள் கிடையாது, சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், வலியே தெரியாது என்றார்.

பேக்கரியம்மாள் தன் டாக்டரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. பொது மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா. கடுகடு என்று இருப்பாள். பயிற்சி செய்யாமல் போனால் வாசலிலேயே திட்டுவாள். எடையைக் குறைக்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று ஆறு மாதம் அலையவிட்டாள். நூலகத்துப் பெண்மணியும் அந்த டாக்டரம்மாவிடம்தான் செய்துகொண்டிருந்தாள். ஆமாம், திட்டுவாள் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

சின்னக்கரண்டி எல்லாவற்றையும் கேட்டாள், ஆனால் கண் வேறு இடத்தில் இருந்தது. அவர்கள் கிளம்புவதற்காகக் காத்திருந்தாள். கண்டக்டர் நாற்காலியிலிருந்து மூன்று தவணையாக எழுந்தார். கடைப் படியில் கதவைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினார். பேக்கரியம்மாள் காலித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குடையை விரித்தபடியே, டாக்டரம்மாவைத் திட்டிக்கொண்டே நேராக இறங்கிப் போய்விட்டாள். நூலகத்துப் பெண்மணி மழைக்குப் பயந்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"பாத்தாச்சு," என்றாள் சின்னக்கரண்டி.

பொது மருத்துவமனைக்குத் தாயும் மகளும் மட்டும் போனார்கள். மட்டக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் நாணயத்தோடு கிளம்பிவிடுவார். மூன்றாவது மாடி நடையில் போட்டிருந்த ரப்பர் விரிப்பு நடுவில் பொங்கி நின்றது. அவர் வராததும் நல்லதாகப் போயிற்று.

டாக்டரம்மா குள்ளம். தேய்ந்த செருப்பு. எக்ஸ்ரேயைத் தொடவேயில்லை, முதலில் நடந்து காட்டச் சொன்னாள். அவள் நடக்க, டாக்டரம்மா நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் குந்தி, பாதம் எப்படி விழுகிறது என்று பார்த்தாள். உட்காரச் சொன்னாள், எழுந்திருக்கச் சொன்னாள், மரப்படி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி இறங்கச் சொன்னாள். இரண்டு முழங்காலையும் மடக்கி, நீட்டி, உள்ளங்கையை வைத்து உரசலைக் கேட்டாள். இடுப்பையும் விடவில்லை. சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இரவில் வலி எழுப்புகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகுதான் எக்ஸ்ரே.

"என்ன வேலை செய்றீங்கம்மா?"

"டைல்ஸுக்குச் சந்து அடைக்கிறது."

"மண்டி போட்டுத்தானே? சரி. இந்த முட்டிய வச்சு உங்களுக்கு என்ன செய்யணும்?"

இதை யாரும் அதுவரை கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போது விழிக்காமல் தூங்க வேண்டும் என்றாள். மாடிப்படியில் குழந்தைபோலப் பின்பக்கமாக இறங்காமல் மனுஷியாக முன்பக்கம் இறங்க வேண்டும் என்றாள். மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினாள். வேலைக்குப் போக வேண்டும், மண்டி போட வேண்டும்.

"முதல் ரெண்டும் அனேகமா நடக்கும். மூணாவதுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். கொஞ்ச நேரம் மண்டி போடறவங்க உண்டு, போட முடியாதவங்களும் உண்டு. நாள் முழுக்கப் போட்டீங்கன்னா நான் வைக்கிற முட்டி சீக்கிரம் தேயும். இதைச் செய்யலன்னா ஒண்ணும் உயிர் போயிடாது. வலியோட இருக்க முடிஞ்சா இருக்கலாம். அவசரம் உங்களுதா இருக்கணும், என்னுதா இருக்கக் கூடாது."

வீட்டுக்காரர்கள் டைல்ஸ்காரர்களிடம் கேட்கிற ஒரு கேள்வி சின்னக்கரண்டிக்கு எப்போதும் எரிச்சலைக் கிளப்பும். இப்போது அதையே கேட்டாள்.

"நீங்க செஞ்சதுல சரியா வராம போனது உண்டா டாக்டரம்மா?"

மகள் அம்மாவின் கையைக் கிள்ளினாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. உண்டு என்றாள். கிருமி பிடித்து மறுபடி திறக்க வேண்டி வந்தது உண்டு. ரத்தம் உறைந்து பயமுறுத்தியது உண்டு. பயிற்சி செய்யாமல் விறைத்துப்போனவர்கள் உண்டு.

"ஒருத்தருக்கு எல்லாமே சரியாச் செஞ்சேன். அவரும் சொன்னதெல்லாம் செஞ்சாரு. இன்னும் வலிக்குதுங்கறாரு. ஏன்னு எனக்கே தெரியல."

தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். சின்னக்கரண்டியின் மனது அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மட்டக்காரர் உருளைக்கிழங்கு வேகவைத்து, முட்டை பொரித்து, ரொட்டியை ஒரே கனத்தில் துண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தார். மகள் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். முட்டிக்கூட்டத்தில் தொடங்கி டாக்டரம்மா குந்திப் பார்த்ததுவரை சொன்னாள். மூன்றாவது விஷயத்தை மட்டும் அம்மா தன் வாயால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

"தரை எப்படி?" என்றார் மட்டக்காரர்.

"பொங்கிக் கிடக்கு. அந்தம்மாகிட்டதான் செஞ்சுக்கப் போறேன்."

அவர் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே இன்னொரு முறை துடைத்தார்.

"மண்டி போட முடியாதுன்னு சொல்லியிருப்பாங்களே."

சின்னக்கரண்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"அதை இன்னும் யாரும் சொல்லலியே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மட்டக்காரர் மாட்டிக்கொண்டார். மழுப்பிப் பார்த்தார், முட்டை ஆறுகிறது என்றார். அது எடுபடவில்லை. அவள் எக்ஸ்ரே எடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில், அறுவை சிகிச்சை என்று வந்தால் மண்டி போடுவது சந்தேகம்தான் என்று தெருமுனை டாக்டர் அவரிடம் சொல்லிவிட்டாராம். முதல் நாளே தெரியுமாம்.

"அப்ப பொள்ளலு, வாட்டம் எல்லாம்?"

"பொள்ளல் நிஜம்தான்."

"நான் அதைக் கேக்கல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் நிமிர்ந்து உட்காருகிறவர் அன்றைக்குக் கூனிக்கொண்டு உட்கார்ந்தார். பேசிப் பழகாத மனிதர், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"நீ மாடியில எழுந்திரிக்க முடியாம இருந்தியே, அன்னிக்கு உன் சத்தம் நின்னுபோச்சு. அந்த நேரத்துல நான் போட்ட ரெண்டு வரிசை கோணலாப் போயிடுச்சு. அப்புறமாப் பேத்தெடுத்துப் போட்டேன். உன்கிட்டச் சொல்லல. அடுத்த ரூம்ல நீ இல்லாம எனக்குக் கை ஓடாது. வேற யாரையாவது வச்சுச் சந்து அடைக்கலாம், ஆனா அவங்க பேச மாட்டாங்களே. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளினேன்."

"உங்களுக்குக் கை ஓடணும்னு என் முட்டி தேயணுமா?"

"தப்புதான்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒவ்வொரு இரவும் பல்லைக் கடித்துக்கொண்டு புரண்டது அவள். நாணயத்தைத் தட்டிக்கொண்டு திரிந்தது இவர். அதைச் சொல்லியே தீர்த்தாள். எல்லாக் கோபத்தையும் சொல்லி முடித்த பிறகு அடியில் ஒன்று மிச்சம் இருந்தது, அது கோபம் இல்லை. அவளுக்கும் அதே பயம்தான். மண்டி போட முடியாத சின்னக்கரண்டியை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? வீட்டில் உட்கார்ந்து யாரோடு பேசுவது? அதனால்தான் அவர் ஒவ்வொரு டாக்டராகத் தள்ளியபோது அவளும் கூடவே எழுந்து வந்தாள். இதை அவள் அவரிடம் உடனே சொல்லிவிடவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது மனுஷன் குற்றவாளியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள். உப்பு வேண்டும் என்பதைக்கூட மகள் வழியாகக் கேட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் மட்டக்காரர் தானே கேட்டார், நாள் எப்போது என்று.

அடுத்த முறை டாக்டரம்மாவைப் பார்க்க அவரும் வந்தார். தரையைப் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாகத் தலையை நிமிர்த்தி நடந்து, பொங்கிய விரிப்பில் தடுக்கி விழப்போனார். கேள்வி ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது, ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் கேட்டார். நின்றுகொண்டு செய்கிற வேலை செய்யலாமா? எவ்வளவு நேரம்? கை உயரம் என்ன? சுவருக்கு டைல்ஸ் போட்டால் சந்தை நின்றுகொண்டுதான் அடைக்க வேண்டும். இனிமேல் தரை வேலையை விட்டுவிட்டு, சமையலறைச் சுவரும் குளியலறைச் சுவருமாகப் பிடிக்கலாம் என்று இருக்கிறேன் என்றார். தரைக்கென்றே பிறந்த மனிதர் அதைச் சொல்கிறார் என்றதும் சின்னக்கரண்டி குறுக்கே புகுந்தாள்.

"தரையையும் நீங்களே போடுங்க. தரைச் சந்தையும் நீங்களே அடைச்சுக் கத்துக்குங்க. செவுத்தை நான் பாத்துக்கறேன்," என்றாள்.

அறுவை சிகிச்சையைச் செய்து முடித்தார்கள். முதல் சில நாள் வலியில் அவள் பேக்கரியம்மாளைவிட நன்றாக டாக்டரம்மாவைத் திட்டினாள். பிறகு பயிற்சி. காலை முழுக்க நீட்டி, முழங்கால் கட்டிலைத் தொட வேண்டும். மட்டக்காரர் ரசமட்டத்தை அவள் காலின் மேல் வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு நூல் அளவு இறங்க வேண்டும் என்பார். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் மகள் எட்டிப் பார்ப்பாள். பரிசோதனைக்குப் போனபோது, கால் இவ்வளவு நேராக நீட்டுகிறதே, யார் சொல்லிக்கொடுத்தது என்று டாக்டரம்மா கேட்டாள். மட்டக்காரர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் காட்டினார். கடுகடு டாக்டரம்மா சிரித்ததை நடையில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது அவள் படியில் முன்பக்கமாக இறங்குகிறாள். முதல் தடவை இறங்கியதும் மறுபடி ஏறிப்போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு முறை இறங்கினாள்.

மழைக்காலம் போய் வெயில் திரும்பியபோது ஒரு வீட்டுக் குளியலறை வேலை வந்தது. சுவர்ச் சந்துகளை அவள் நின்றபடி அடைத்தாள். தரைச் சந்துகளை அவர் மண்டி போட்டு அடைத்தார். இரண்டு பேரும் ஒரே அறையில் முதுகோடு முதுகாக வேலை செய்வது அதுவே முதல் தடவை. அவருக்கு அந்த வேலை படியவில்லை. மாவை அதிகம் அப்பினார், துடைக்கையில் குழி விழுந்தது. குனிந்து அதைச் சரிசெய்ய அவள் கை பரபரத்தது. குனியவில்லை. வழித்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று மட்டும் சொன்னாள். முகம் கோணாமல் போட்டார்.

அவள் வழக்கம்போலப் பேசிக்கொண்டே போனாள். அவர் வழக்கம்போல ம், ம் என்றார். கொஞ்ச நேரம் போனதும் அவளுக்கு ஏதோ உறுத்தியது. பேச்சை நிறுத்தினாள். அவர் ஒரு சந்தைத் துடைத்து முடித்தார், ம் என்றார். அடுத்த சந்து. மறுபடி ம். அவள் வாயே திறக்கவில்லை.

அப்படியானால் இத்தனை வருடமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ம் எல்லாம் அவளுக்கு இல்லையா? டைல்ஸ் மட்டமாக உட்கார்ந்ததற்கா? கைக்குள் இருந்த கரண்டியை இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

"இவ்வளவு நேரம் நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்."

அவர் தலையைத் தூக்கவில்லை. பஞ்சைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"வேன்ல பின்சீட்டுப் பொண்ணு தினமும் தூங்கிப்போயி வீட்டத் தாண்டிப் போயிடுதாம். பேக்கரியம்மா ரெண்டாவது முட்டிக்கும் நாள் குறிச்சாச்சு, இப்பவும் திட்டிட்டுத்தான் இருக்காங்க. கண்டக்டர் டாக்டரை மாத்தப் போறாரு. தையல்காரம்மா உன் துணியெல்லாம் ரெண்டு பக்கமும் சமமாக்கிட்டாங்க. அப்புறம், காலு இப்ப வலிக்கவே இல்லன்னு சொன்ன."

ஒரு சந்தைத் துடைத்தார்.

"அது பொய். குரல் அப்படி இல்ல. வெளியில ஸ்டூல் கொண்டாந்து வச்சிருக்கேன், எடுத்துப் போட்டு உக்காரு."

சின்னக்கரண்டி கையைத் துடைத்துக்கொண்டாள். வெளியே போய் ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள். அவர் ரசமட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவள் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில் இன்னும் இரண்டு வரிசை பாக்கி இருந்தது.